மூட்டுப் பரிசோதனையை நிறுத்தாதீர்கள்: ஹீமோபிலியா சிகிச்சை மையத்தின் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஹீமோபிலியா சிகிச்சை மையத்தின் தலைமை மருத்துவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும்,

சென்ற மாதம் மையத்தின் வாசலில் ஒட்டப்பட்ட அறிவிப்பைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோயான ஹீமோபிலியா உள்ள எங்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை நடந்துவந்த மூட்டுப் பரிசோதனை இனி கிடையாது. வலியோ வீக்கமோ உள்ளவர்கள் மட்டும் எலும்பு மருத்துவரின் சீட்டோடு வரலாம். பிசியோதெரபிஸ்ட் பொதுப் பிரிவுக்கு மாற்றப்படுகிறார். மூட்டுகளைப் பார்க்கப் பயன்பட்ட அல்ட்ராசவுண்ட் கருவியும் வேறு பிரிவுக்குப் போகிறது. காரணம் கேட்டேன். "புது மருந்துகள் வந்தபிறகு யாருக்கும் பெரிதாக ரத்தக்கசிவு இல்லையே, அப்புறம் எதற்கு எல்லா மூட்டையும் அளந்துகொண்டிருக்க வேண்டும்?" என்று சொன்னார்கள்.

அந்தக் கேள்விக்கான பதிலை நான் நாற்பது வருடமாக என் கால்களில் சுமக்கிறேன். அதனால் இதைப் பேசாமல் விட முடியவில்லை.

எனக்கு வயது 46. கடுமையான ஹீமோபிலியா ஏ. ரத்தத்தை உறையவைக்கும் ஃபேக்டர் 8 என்ற புரதம் என் ரத்தத்தில் இயல்பான அளவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. என் இடது முழங்கால் முழுதாக நீளாது. 25 டிகிரி மடங்கியே நிற்கும். வலது கணுக்கால் எலும்புகளை 35 வயதில் அறுவை சிகிச்சை செய்து ஒன்றோடொன்று இணைத்துவிட்டார்கள்; வலி போனது, அசைவும் போனது. வலது கையால் சட்டையின் மேல் பொத்தானைப் போட முடியாது, முழங்கை அந்த அளவுக்கு மடங்காது.

முதல் முறை முழங்காலில் ரத்தம் இறங்கியபோது எனக்கு ஐந்து வயது. விழவும் இல்லை, எங்கும் இடித்துக்கொள்ளவும் இல்லை. மாலையில் முழங்காலுக்குள் ஏதோ குறுகுறுவென்று இருந்தது, கொஞ்சம் சூடாக இருந்தது. ராத்திரிக்குள் தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு நின்றது. சுளுக்கு என்று நினைத்து உருவிவிட்டார்கள். உருவ உருவ வீங்கியது. நோய் இன்னதென்று தெரிந்த பிறகும், ரத்தம் இறங்கிய பின்புதான் சிகிச்சை, அதுவும் கிடைத்தால். வீக்கம் வடிந்ததும் ஒரு எக்ஸ்ரே எடுப்பார்கள். "எலும்பு நன்றாக இருக்கிறது, கவலைப்படாதீர்கள்" என்பார்கள். அந்த வார்த்தையை எட்டு வருடம் கேட்டோம். பதின்மூன்று வயதில் எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்த புதிய மருத்துவர் ஒருவர், மூட்டு இடைவெளி குறைந்திருப்பதையும் எலும்பு முனைகள் பெருத்திருப்பதையும் காட்டி, என் அம்மாவிடம் "இவ்வளவு நாள் எங்கே போயிருந்தீர்கள்?" என்று கேட்டார். நாங்கள் எங்கேயும் போகவில்லை. அதே மருத்துவமனையின் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தோம். மூட்டைப் பார்க்கத்தான் யாரும் இல்லை.

எக்ஸ்ரே பொய் சொல்லவில்லை. அதில் எலும்பு தெரியும், மூட்டின் மென்மையான பகுதிகள் தெரியாது. சேதம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. உங்கள் குழுவில் மருத்துவர் அல்லாதவர்களும் இருக்கிறீர்கள் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

மூட்டுக்குள் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. உள்ளே இறங்கிய ரத்தத்தை உறிஞ்சி அகற்றுவது அதன் வேலை. அப்படி உறிஞ்சும்போது ரத்தத்தின் இரும்புச்சத்து அந்தச் சவ்விலேயே தங்கிவிடுகிறது. இரும்பு சேரச் சேர சவ்வு தடிக்கிறது, அழற்சி கொள்கிறது, புதிதாக நுண்ணிய ரத்தக்குழாய்கள் முளைக்கின்றன. அவை சுலபமாக உடைபவை. நடக்கும்போது தடித்த சவ்வு இரண்டு எலும்புகளுக்கு நடுவே நசுங்கினாலே போதும், மறுபடியும் ரத்தம் இறங்கும். ஆறு மாதத்துக்குள் ஒரே மூட்டில் மூன்று முறையோ அதற்கு மேலோ தானாக ரத்தம் இறங்கினால் அதை டார்கெட் ஜாயின்ட் என்கிறார்கள். என் இடது முழங்கால் பள்ளிப் பருவம் முழுக்க அந்தப் பெயரோடுதான் இருந்தது.

இன்னொரு பக்கம் குருத்தெலும்பு. எலும்பும் எலும்பும் உரசாமல் காப்பது அதுதான். ரத்தம் பட்டால் அதன் செல்கள் சாகத் தொடங்குகின்றன. அதற்கு ரத்தக்குழாய் கிடையாது, எனவே போனது திரும்ப வளர்வதில்லை. நரம்பும் கிடையாது, எனவே அது தேயத் தொடங்கும்போது வலிப்பதில்லை. வலி இருப்பவர்கள் மட்டும் வரலாம் என்று உங்கள் அறிவிப்பு சொல்கிறது. நரம்பே இல்லாத இடத்தின் சேதத்தை வலியை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது? எங்களுக்கு வலி தெரியும்போது குருத்தெலும்பு பெருமளவு போய்விட்டிருக்கும்.

இது என் அனுபவம் மட்டும் அல்ல. 2007-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இரண்டரை வயதுக்குட்பட்ட, கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ள 65 சிறுவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தடுப்பாக ஃபேக்டர் 8 கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ரத்தம் இறங்கும்போது மட்டும் கொடுத்தார்கள். ஆறு வயதில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, தடுப்புச் சிகிச்சை பெற்றவர்களில் 93 சதவீதம் பேருக்கு மூட்டுகள் இயல்பாக இருந்தன. மற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குத்தான். தடுப்புச் சிகிச்சைக்காக வாதாடும்போது நாம் எல்லோரும் இந்த எண்களைச் சொல்கிறோம். அதே ஆய்வு சொன்ன இன்னொன்றை மறந்துவிடுகிறோம். ரத்தம் இறங்கியதாக ஒருமுறைகூடப் பதிவாகாத மூட்டுகளிலும் எம்.ஆர்.ஐ. சேதத்தைக் காட்டியது. வீக்கமும் வலியும் இல்லாமல், பெற்றோர் கண்ணில் படாமல், சிறிது சிறிதாக ரத்தம் கசிந்திருக்கலாம் என்பதுதான் அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம்.

இப்போது என் அக்கா மகனைப் பற்றிச் சொல்கிறேன். அவனுக்காகத்தான் முக்கியமாக இந்தக் கடிதம்.

அவனுக்கு ஒன்பது வயது. எனக்கு இருக்கும் அதே நோய்தான், அக்கா வழியாக வந்தது. இரண்டு வயதிலிருந்து தடுப்புச் சிகிச்சையில் இருக்கிறான். ஐந்து வயதில், ஃபேக்டர் 8-இன் வேலையைச் செய்யும் எமிசிசுமாப் என்ற புது மருந்துக்கு மாறினான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் ஒரு ஊசி, அவ்வளவுதான். அவன் வயதில் எனக்கு நரம்பு தேடித் தேடிக் குத்திய நாட்களை நினைத்தால் இந்த மருந்தைக் கண்டுபிடித்தவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது. மருந்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அவன் ஓடுகிறான், குதிக்கிறான். நான்கு வருடமாக மூட்டில் ரத்தம் இறங்கியதாக அவன் பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை.

சென்ற ஆண்டு மூட்டுப் பரிசோதனைக்கு அவனை அழைத்துப் போனபோது, "நல்லாத்தானே இருக்கான், ஒரு நாள் பள்ளிக்கூடம் போகிறதே" என்று அக்கா அரைமனதோடுதான் வந்தாள். பிசியோதெரபிஸ்ட் அவனைப் படி ஏறி இறங்கச் சொன்னார். மூன்று முறை இறங்கினான், மூன்று முறையும் ஒரே காலைத்தான் முதலில் வைத்தான். நாங்கள் இருவரும் தினமும் பார்க்கிற பிள்ளை. எங்கள் கண்ணில் அது பட்டதே இல்லை. கெண்டைக்காலை அளந்தார், வலது பக்கம் ஒன்றரை சென்டிமீட்டர் குறைவு. வலது பாதத்தை மேல்நோக்கி மடக்கும் அளவும் சில டிகிரி குறைந்திருந்தது. உடனே அல்ட்ராசவுண்ட் பார்த்தார்கள். வலது கணுக்காலில் சவ்வு தடித்திருந்தது.

அவனிடம் கேட்டோம். வலிக்கிறதா? இல்லை. வலித்ததா? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "விளையாடிட்டு வந்தா எப்பவாவது சூடா இருக்கும், சொன்னா விளையாட விட மாட்டீங்க" என்றான். அக்கா அழுதாள். நான் அழவில்லை, ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஐந்து வயதில் என் முழங்கால் சூடாக இருந்த அந்த மாலைதான் நினைவில் ஓடியது.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். கெண்டைக்கால் தசையை வலுப்படுத்தவும் ஒற்றைக்காலில் சமநிலையோடு நிற்கவும் பயிற்சி கொடுத்தார்கள். காலணிக்குள் வைக்க அவன் பாதத்துக்கு ஏற்ற ஒரு தாங்கி. சில வாரங்களுக்குக் குதிக்கும் விளையாட்டு வேண்டாம், நீச்சல் தாராளமாக. கணுக்கால் சூடானால் ஒளிக்காமல் சொல்ல வேண்டும், சொன்னால் யாரும் விளையாட்டைப் பறிக்க மாட்டோம் என்று அவனோடு ஓர் ஒப்பந்தம். ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன். எட்டு மாதத்தில் சவ்வின் தடிப்பு குறைந்துவிட்டது. இரண்டு காலும் மாறி மாறி முன்வைத்துப் படி இறங்குகிறான். பயிற்சியில் சரியாகாமல் போயிருந்தால் அந்தச் சவ்வைச் சுருங்கச் செய்ய மூட்டுக்குள் மருந்து செலுத்தும் வழியும் இருக்கிறது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எல்லாமே குருத்தெலும்பு மிச்சம் இருக்கும்போது செய்ய வேண்டியவை. உங்கள் புதிய அறிவிப்பின்படி பார்த்தால் அவன் அன்று உள்ளேயே வந்திருக்க முடியாது. வலி இல்லை, வீக்கம் இல்லை, எந்த எலும்பு மருத்துவர் சீட்டு எழுதுவார்?

பிள்ளைகள் மறைக்கிறார்கள் என்றால் என்னைப் போன்ற பெரியவர்களுக்கு வேறு சிக்கல். எங்களுக்கு வலி பழகிவிட்டது. எந்த வலி ரத்தம் இறங்குவதால், எந்த வலி தேய்ந்த மூட்டால் என்று எங்களுக்கே பல நேரம் தெரிவதில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் முழங்கால் வலி அதிகமானபோது, ரத்தம்தான் இறங்குகிறது என்று ஐந்து நாள் தொடர்ந்து ஃபேக்டர் போட்டுக்கொண்டேன். வலி குறையவில்லை. மையத்துக்கு வந்ததும் ஸ்கேனில் பார்த்தார்கள். உள்ளே ஒரு சொட்டு ரத்தம் இல்லை. தடித்த சவ்வும் தேய்ந்த குருத்தெலும்பும்தான். ஐந்து நாள் ஃபேக்டர் வீண். எனக்குத் தேவைப்பட்டது தொடைத் தசைக்குப் பயிற்சியும், மூட்டுத் தாங்கியும், மருத்துவர் பார்த்துக் கொடுத்த சில நாள் மாத்திரையும்.

அடுத்த ஆண்டு இதற்கு நேர்மாறாக நடந்தது. முழங்கை வலியைப் பழைய தேய்மானம் என்று இரண்டு நாள் பொறுத்துக்கொண்டேன். ஏற்கெனவே கோணலான முழங்கை, வீக்கம் தனியாகத் தெரியவில்லை. பிசியோதெரபிஸ்ட் ஸ்கேன் கருவியை லேசாக அழுத்தி, உள்ளே திரவம் நகர்வதைத் திரையில் காட்டினார். தடித்த சவ்வாக இருந்தால் இப்படி நகராது, இது ரத்தம் என்றார். மூட்டில் ரத்தம் இறங்கினால் முடிந்தவரை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபேக்டர் போட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தருவதே நீங்கள்தான். நான் இரண்டு நாள் விட்டுவிட்டேன். முப்பது வருட அனுபவம் உள்ள நானே இப்படித் தவறினேன் என்றால், புதிதாக நோய் கண்டறியப்பட்ட குடும்பம் என்ன செய்யும்?

பிசியோதெரபி வேண்டுமானால் பொதுப் பிரிவில் பெற்றுக்கொள்ளலாம் என்றும் அறிவிப்பில் இருக்கிறது. அங்கே இருப்பவர்களின் திறமையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் 28 வயதில், வேறோர் இடத்தில், ஹீமோபிலியா நோயாளிகளைப் பார்த்தே இராத ஒருவரிடம் என் முழங்காலைக் காட்டினேன். மூட்டு விறைத்திருக்கிறது, நீட்டிவிட்டால் சரியாகும் என்று தன் எடையைக் கொடுத்து அழுத்தினார். நல்லெண்ணத்தில்தான் செய்தார். முன்கூட்டி ஃபேக்டர் போட வேண்டும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தைரியமாகச் சொல்லத் தெரியவில்லை. அன்று இரவே ரத்தம் இறங்கியது. மூன்று வாரம் படுக்கை. அதற்கு முன் 15 டிகிரி மடங்கியிருந்த கால், எழுந்தபோது 25. அந்தப் பத்து டிகிரி எனக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. எங்கள் உடம்பில் எவ்வளவு அழுத்தலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பது வருடக்கணக்கில் எங்களைப் பார்த்துப் பழகியவருக்குத்தான் தெரியும். அப்படி ஒருவரை உருவாக்கி வைத்திருந்தீர்கள். இப்போது அவரை அனுப்புகிறீர்கள்.

புதிய மருந்து எல்லாருக்கும் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டது என்ற நினைப்பும் சரியில்லை. எமிசிசுமாப் ஹீமோபிலியா ஏ உள்ளவர்களுக்கு மட்டும்தான். ஃபேக்டர் 9 குறைவால் வரும் ஹீமோபிலியா பி உள்ளவர்களுக்கு அது பயன்படாது. அதைப் போட்டுக்கொள்பவருக்கும் மீறி ரத்தம் இறங்கினால் நிறுத்த ஃபேக்டர்தான் வேண்டும். முன்பே கெட்டுப்போன மூட்டை எந்த மருந்தும் பழையபடி ஆக்காது. என்னைப் போல நாற்பதைத் தாண்டியவர்கள் மையத்தில் நிறையப் பேர். எங்களில் பலருக்கு எலும்பின் அடர்த்தியும் குறைந்திருக்கிறது. மடங்கிய காலோடு தடுமாறி விழுந்தால் அடுத்தது எலும்பு முறிவு. எங்களுக்கு மூட்டுப் பரிசோதனை என்பது மிச்சம் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி.

இன்னொரு கூட்டத்தையும் எப்போதும் மறந்துவிடுகிறோம். என் அக்காவின் ஃபேக்டர் 8 அளவு 28 சதவீதம். "கேரியர்" என்ற ஒரே சொல்லில் அவளை முடித்துவிட்டார்கள். நோயைக் கடத்துபவள், நோயாளி இல்லை என்பது போல. 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது லேசான ஹீமோபிலியாதான், ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும். ஒருமுறை கணுக்கால் பிசகி அவளுக்கு ஆறு வாரம் வீக்கம் வடியவில்லை. அவள் மூட்டை இன்றுவரை யாரும் அளந்து பார்த்ததில்லை.

ஆள் பற்றாக்குறையும் பணநெருக்கடியும் இருப்பது எனக்குத் தெரியும். ஒருவரின் முழங்கை, முழங்கால், கணுக்கால் என ஆறு மூட்டுகளையும் முறையாக அளந்து, நடையைப் பார்த்து, மதிப்பெண் போடக் கணிசமான நேரம் ஆகும். அதைச் சிக்கனப்படுத்தினால் கணக்கில் மிச்சம் தெரியும். ஆனால் அந்தச் செலவு எங்கும் போய்விடாது. பத்து வருடம் கழித்து மூட்டு மாற்று அறுவை சிகிச்சையாக வந்து நிற்கும். அப்போது அறுவை சிகிச்சை நாளில் தொடங்கி மறுவாழ்வுப் பயிற்சி வரை, நாள்தோறும் எவ்வளவு ஃபேக்டர் ஏற்ற வேண்டியிருக்கும் என்பது உங்கள் மருந்தகத்துக்கே தெரியும்.

எனவே உங்களிடம் கேட்பது இதுதான்.

முதலில் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். ஹீமோபிலியா உள்ளவர்களின் மூட்டு நிலையை வருடத்துக்கு ஒருமுறையாவது மதிப்பிட வேண்டும் என்று உலக ஹீமோபிலியா கூட்டமைப்பின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டி நெறிகளே சொல்கின்றன. வலி, வீக்கம், சீட்டு என்ற நிபந்தனை இல்லாமல் அதை எல்லாருக்கும் நடத்துங்கள். வளரும் பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வையுங்கள். ஃபேக்டர் அளவு குறைந்த பெண்களையும் அதில் சேருங்கள்.

பிசியோதெரபிஸ்டை முழுநேரமும் எங்களுக்கு ஒதுக்க முடியாவிட்டால் வாரத்தில் இரண்டு நாளாவது ஒதுக்குங்கள். அந்த இரண்டு நாளும் அதே ஆளாக இருக்கட்டும்; மாதத்துக்கு ஒருவர் மாறினால் பயன் இல்லை. அவரிடம் இன்னொருவரும் பழகிக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள்.

அல்ட்ராசவுண்ட் கருவி வேறு பிரிவில் இருந்தாலும் பரவாயில்லை. மூட்டில் ரத்தம் இறங்கியிருக்குமோ என்ற சந்தேகத்தோடு வருபவருக்கு அன்றைக்கே ஸ்கேன் பார்க்க வழி செய்யுங்கள். அதற்காக யாரையும் காக்கவைத்து, முதல் ஃபேக்டரைத் தாமதப்படுத்த வேண்டாம். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சின்னப் பிள்ளைகளுக்கு மயக்க மருந்து தேவைப்படலாம், எல்லாருக்கும் அடிக்கடி எடுக்கவும் முடியாது. ஸ்கேனில் சந்தேகம் எழும் மூட்டுகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு பரிசோதனையின் அளவுகளையும் ஹீமோபிலியா மூட்டு நல மதிப்பெண்ணையும் எழுதி ஒரு பிரதியை எங்கள் கையில் கொடுங்கள். மொத்தம் 124-க்கு என் மதிப்பெண் 51. இதில் பூஜ்ஜியம்தான் நல்ல மூட்டு. அக்கா மகனுக்குச் சென்ற ஆண்டு 3, கடைசியாகப் பார்த்தபோது 1. இந்த எண் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று தெரிந்தால்தான் மருந்து போதுமா என்று நாங்களும் கேட்க முடியும், நீங்களும் முடிவெடுக்க முடியும்.

இந்த ஒரு மாதத்தில் பரிசோதனைத் தேதி ரத்தானவர்களைத் தொலைபேசியில் அழைத்து வேறு தேதி கொடுங்கள். இனி இப்படியொரு முடிவெடுக்கும் முன் நோயாளிகள் தரப்பில் ஒருவரையும், பிள்ளைகளின் பெற்றோரில் ஒருவரையும் கூட்டத்துக்கு அழையுங்கள். இந்தக் கடிதத்துக்கு முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள்.

என் அக்கா மகனின் பரிசோதனை அடுத்த மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. பிசியோதெரபிஸ்ட் தன் கையால் அந்தத் தேதியை அவன் அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அன்று காலை அவனை அழைத்துக்கொண்டு வருவேன். கதவைத் திறந்து வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மையத்தில் பதிவு பெற்ற ஒரு ஹீமோபிலியா நோயாளி